மாப்பிள்ளையின் மூன்றாவது கை

அத்தியாயம் ஒன்பது

கையை எடுத்தால் ஆள் போய்விடுவார். அதனால் கை எடுக்கப்படாமலேயே இருந்தது.

ஆபரேஷன் தியேட்டரின் சன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பஸ் டிரைவர் மயக்கத்தில் கிடந்தார். நெஞ்சில் சுண்டுவிரல் பருமனுக்கு மூன்று துளைகள், துளைக்கு ஒன்றாக மூன்று இரும்புக் கைகள். இரண்டு கைகள் சும்மா இருந்தன. மூன்றாவது கை உள்ளே, இதயத்துக்குப் பின்னால், கிழிந்துபோன ரத்தக்குழாய் ஒன்றை இடுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அதே பிடி. மனிதக் கை என்றால் இதற்குள் கடுத்துப்போய், ஒரு பீடிக்காவது வெளியே வந்திருக்கும்.

"இதுக்கு ஓவர்டைம் உண்டா அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"உன் வாய்க்கு உண்டுன்னா இதுக்கும் உண்டு," என்றார் அண்ணி, கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல்.

ஊரே அவரை அண்ணி என்றுதான் கூப்பிட்டது. போலீஸ்காரர்கள்கூட. துப்பறிவதே தொழிலாக இருந்தாலும் வாசலில் பலகை கிடையாது; வழக்கு வாசல் தேடி வரும். கொழுந்தன் உண்மையிலேயே அவர் கணவரின் தம்பி. அண்ணிக்கு உதவியாள். கண், காது எல்லாம் சுமார்தான். வாய்க்கு மட்டும் பூட்டு செய்ய இன்னும் ஆசாரி பிறக்கவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த டிரைவர் மனைவி எழுந்து வந்து அண்ணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரைப் பிடிக்கறீங்களோ இல்லையோ, அது எனக்கு வேணாம். அவரை மட்டும் விட்டுடாதீங்க அண்ணி."

அண்ணி அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தார்.  

நேற்று சாயங்காலம் டிரைவர் வேலை முடிந்து டிப்போவிலிருந்து வெளியே நடந்து வந்தபோது ஒரு கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. நினைவு தப்புவதற்கு முன் அவர் சொன்னது இரண்டே வார்த்தை: "டாக்டர் வண்டி." தகரச் சில்லு ஒன்று நெஞ்சுக்குள் போய் இதயத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டது. மனிதக் கை அங்கே போகாது. இந்த ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த மெஷின் போகும். இரண்டு கைகள் ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மாவின் விரல்களைப் பார்த்து அசையும். மூன்றாவது கை அவர் வாய்ச்சொல் கேட்டு நடக்கும். பிடி என்றால் பிடிக்கும், விடு என்றால் விடும்.

காலையில் சில்லை எடுத்தாகிவிட்டது. குழாயைத் தைக்கும் நேரத்தில் மூன்றாவது கை திடீரென்று விரிந்தது. ரத்தம் பீறிட்டது. டாக்டரம்மா கத்திய கத்தலில் மறுபடி பிடித்துக்கொண்டதால் உயிர் மயிரிழையில் நின்றது. அத்தோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். தப்பு செய்த மெஷினை, தப்பு எங்கே என்று தெரியும்வரை அசைக்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரி சட்டம்.

சட்டம் காத்திருக்கும். ரத்தக்குழாய் காத்திருக்காது. பிடித்த இடத்துக்கு அப்பால் ரத்தம் போகாமல் உள்ளே தசை வாடிக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் தைத்து முடித்தாக வேண்டும்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை அக்குளில் வைத்துக்கொண்டு வந்தார்.

"நீங்க எதுக்கு சிரமப்படறீங்க அண்ணி? கேஸ் கைக்கு வந்தாச்சு. டிரைவர் சொன்னது டாக்டர் வண்டி. இந்த டாக்டரம்மா பேர்ல இருக்கற கார் நேத்துலருந்து வீட்டுல இல்ல. கேட்டா வொர்க்‌ஷாப்ல இருக்காம். எந்த வொர்க்‌ஷாப்னா தெரியாதாம். இடிபட்ட ஆளு இவங்க மேஜைக்கே வர்றாரு. மூணாவது கை விடுது. கூட்டிப் பாருங்க."

"கூட்டினா வருது," என்றார் அண்ணி. "நீங்க அவங்களைக் கூட்டிட்டுப் போயிட்டா யாரு தைப்பா?"

"வேற டாக்டர்..."

"மெஷின் இவங்க குரலைத் தவிர வேற குரலுக்குக் காது குடுக்காது. வேற ஆளைப் பழக்க நாள் கணக்காகுமாம். பேசாம நீங்களே தைக்கறீங்களா?"

"சார் சட்டையில ரெண்டாவது பட்டனே பின்னூசிலதான் நிக்குது அண்ணி," என்றான் கொழுந்தன்.

இன்ஸ்பெக்டர் சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு, பார்த்ததற்காகக் கோபப்பட்டார்.

"கை ஏன் விட்டுதுன்னு காரணத்தைக் காட்டுங்க. பொழுது சாயறதுக்குள்ள. அதுக்கு மேல என் கையில இல்ல."

தியேட்டரை ஒட்டிக் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு சின்ன அறை. மெஷின் இன்ஜினியரின் இடம். இஸ்திரி கலையாத சட்டை, அலுங்காத தலைமுடி, மெல்லிய குரல். டாக்டரம்மாவின் கணவர். மெஷினுக்குப் பேச்சைப் பழக்கியவரும் அவர்தான்.

டாக்டரம்மா மூலையில் நின்றார். பச்சை உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"உட்காருங்க டாக்டர்," என்றார் இன்ஜினியர்.

"பரவாயில்ல, நீங்க போடுங்க," என்றார் டாக்டரம்மா.

"மெஷின் டாக்டர் குரலை மட்டும்தான் பதிஞ்சு வெச்சுக்கும்," என்று இன்ஜினியர் அண்ணியிடம் விளக்கினார். "மத்தவங்க பேசறது அதுக்கு மழைச் சத்தம் மாதிரி. தள்ளிடும்."

பட்டனைத் தட்டினார். டாக்டரம்மாவின் குரல் அறைக்குள் வந்தது.

"பிடி."

சத்தமில்லை. மூச்சு மட்டும்.

"நில்லு. ... பிடி. ... நில்லு."

மறுபடி மூச்சு. கொஞ்சம் நீண்ட மூச்சு.

"சரி, விடு. ... ஐயோ! பிடி! பிடி, பிடி!"

இன்ஜினியர் நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் அண்ணியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"என் குரல்தான்," என்றார் டாக்டரம்மா.  "ஆனா மெஷினுக்கு நான் அப்படிச் சொல்லல. சத்தியமா சொல்லல."

"அப்ப யாருக்குச் சொன்னீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

டாக்டரம்மா வாயைத் திறந்தார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"டாக்டர் மேல யாரும் பழி போடல," என்றார் இன்ஜினியர் இதமாக. "களைப்புல யாருக்கும் வாய் தவறும். அவங்க ஒத்துக்கிட்டா போதும், மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"எவ்வளவு நல்ல மனசு!" என்றான் கொழுந்தன். அது பாராட்டா நக்கலா என்று அவனுக்கே தெரியாத குரல் அது.

"இன்னொரு தடவை போடுங்க," என்றார் அண்ணி.

கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் கேட்டார். பிறகு வெளியே நடந்தார்.

ஊழியர்கள் டீ குடிக்கும் அறையில் பெரிய சிஸ்டர் தனியாக உட்கார்ந்து ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி எதிரே உட்கார்ந்தார். பின்னாலேயே வந்த கொழுந்தன் ஒரு டம்ளர் டீ ஊற்றிக்கொண்டான்.

"தம்பி, கட்டடத்துல கிரேன் பார்த்திருக்கியா?"

"தள்ளி நின்னு."

"மேஸ்திரி கீழே நின்னு என்ன சொல்வான்?"

"தூக்கு, இறக்கு, நிறுத்து. நடுவுல கிரேன்காரனோட அம்மாவை விசாரிப்பான்."

"'சரி, இறக்கு'ன்னு சொல்வானா?"

கொழுந்தன் யோசித்தான். "சரி எதுக்கு? கிரேன் என்ன கோவிச்சுக்கிட்டா நிக்குது?"

"அதேதான். பிடின்னு சொன்னாங்க, வெறும் பிடி. நில்லுன்னு சொன்னாங்க, வெறும் நில்லு. இந்த விடுக்கு மட்டும் முன்னாடி ஒரு சரி ஒட்டிக்கிட்டிருக்கு. சரி, விடு. இதை நாம எப்ப சொல்வோம்?"

"யாராவது காலை மிதிச்சுட்டு சாரின்னு சொன்னா..." கொழுந்தன் நிமிர்ந்தான். "அண்ணி! யாரோ மன்னிப்பு கேட்டிருக்காங்க. டாக்டரம்மா மன்னிச்சிருக்காங்க. அது மெஷின் காதுல விழுந்திருக்கு!"

"மெதுவா."

"கத்தி வேணாம், விஷம் வேணாம். சாரின்னு ஒரு வார்த்தை. கொலைக்கு இவ்வளவு மரியாதையான ஆயுதத்தை நான் பார்த்ததே இல்ல!"

"சிஸ்டர், காலையில தியேட்டர்ல யாராவது எதையாவது தட்டி விட்டீங்களா? டாக்டரம்மாகிட்ட மன்னிப்பு கேட்டீங்களா?"

பெரிய சிஸ்டர் தலையை ஆட்டினார். "ஊசி விழுந்தா கேட்டிருக்கும். ஒருத்தர் வாயைத் திறக்கல. டாக்டரம்மா பக்கத்து ரூம்ல திரையில கண்ணை வெச்சு, காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. நாங்க பேசறது அதுல கேக்கும். கண்ணாடி ரூம் சார் பேசறதும் கேக்கும். அவர்கிட்ட தனியா ஒரு பட்டன் இருக்கு, அதை அழுத்தினா அவர் பேசறது டாக்டரம்மா காதுக்கு மட்டும்தான் போகும். ஆனா நீங்க நினைக்கறது நடக்காது அண்ணி."

"ஏன்?"

"மாப்பிள்ளைக்கு மரியாதை ஆகாது."

"எந்த மாப்பிள்ளை?"

சிஸ்டர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு கோடு சிரிப்பு. "மெஷினைத்தான் சொல்றேன். நாங்க வெச்ச பேரு. போர்த்தி மூடி வெக்கணும். கூப்பிடாம கை நீட்டாது. லேசா தூசி பட்டாலும் கோவிச்சுக்கும். வேற என்ன பேரு வெக்கறது? வந்த புதுசுல டாக்டரம்மா வழக்கமா பேசற மாதிரியே 'பிடிங்க, விடுங்க'ன்னாங்க. அசையவே இல்ல. அவங்க யாரையும் நீன்னு சொல்ல மாட்டாங்க. பெருக்கறவங்களைக்கூட வாங்க, போங்கதான். அதைப் பார்த்துட்டுத்தான் சார் அப்படிப் பழக்கினார். 'ங்க' போட்டா மனுஷங்களுக்கு, போடாட்டி மெஷினுக்கு. குழப்பமே வராது பாருங்க."

அண்ணியின் முகம் மாறியது.

அப்போது டாக்டரம்மா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். அண்ணி கொழுந்தனைப் பார்த்தார். கொழுந்தன் கையிலிருந்த டீ டம்ளர் டாக்டரம்மாவின் உடுப்பில் கவிழ்ந்தது.

"ஐயோ, சாரி டாக்டர்! கை தவறிடுச்சு!"

டாக்டரம்மா எங்கேயோ பார்த்தபடி துடைத்துக்கொண்டார். "பரவாயில்ல, விடுங்க."

விடுங்க.

டாக்டரம்மா தண்ணீர் குடித்துவிட்டுப் போன பிறகும் அண்ணி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கட்டிக்கொண்டு வந்த சுவர் ஒரு செங்கல்லில் சாய்ந்துவிட்டது. யார் மன்னிப்பு கேட்டிருந்தாலும் அவர் விடுங்க என்றுதான் சொல்லியிருப்பார். 'ங்க' இருந்தால் கை விரிந்திருக்காது. விரிந்தது என்றால், அவர் மெஷினிடம்தான் சொல்லியிருக்கிறார்.

"நாம திரிச்ச கயிறு டாக்டரம்மா கழுத்துக்கே சுருக்கா போச்சு அண்ணி," என்றான் கொழுந்தன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

சன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

கொழுந்தனின் சட்டைப்பையில் போன் அலறியது. எடுத்த அவசரத்தில் விரல் எங்கேயோ பட்டு, ஸ்பீக்கரில் வந்தது அவன் மனைவியின் குரல்.

"டேய், எங்கடா தொலைஞ்சே? அடுப்பு பத்தலன்னு காலையிலருந்து சொல்றேன், நீ பாட்டுக்கு..."

"அண்ணி பக்கத்துல இருக்காங்க," என்றான் கொழுந்தன் வேகமாக.

 போனில் வேறு யாரோ பேசுவது போலத் தேன் ஒழுகியது.

"என்னங்க... சாப்பிட்டீங்களா? மெதுவா வேலையை முடிச்சுட்டே வாங்க. அண்ணியைக் கேட்டதா சொல்லுங்க."

போனை வைத்துவிட்டுக் கொழுந்தன் அசட்டுச் சிரிப்பு சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. அவன் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இப்ப பேசினது ஒரு பொண்டாட்டியா, ரெண்டா?"

"ஒண்ணுதான் அண்ணி. ரெண்டு இருந்தா நான் இங்க நின்னுக்கிட்டா இருப்பேன்? உள்ள ஒரு பெட்டுல படுத்திருப்பேன்."

"சிஸ்டர்," அண்ணி எழுந்துவிட்டார். "டாக்டரம்மா கையைப் பழக்கிக்க இதே மாதிரி வேற மெஷின் இருக்கா?"

"சின்ன மாப்பிள்ளையா? கீழ்மாடியில. எதுக்கு?"

"ஒரு ரப்பர் கையுறையில சிவப்புத் தண்ணி ரொப்பி எடுத்துட்டு வாங்க. இன்ஸ்பெக்டரையும் இன்ஜினியரையும் கூட்டிட்டு வாங்க. ஓடுங்க."

கீழ்மாடி அறையில் சின்ன மாப்பிள்ளை நின்றது. அதே மூன்று கைகள், அதே டாக்டரம்மா குரலுக்குப் பழகிய காது. மூன்றாவது கையில் சிவப்புத் தண்ணீர் நிரம்பிய கையுறை தொங்கியது. தடுப்புக்குப் பின்னால் டாக்டரம்மா காதில் மாட்டிக்கொண்டு, திரையில் கண் வைத்து, ஒரு ரப்பர் குழாயைத் தைத்துக்கொண்டிருந்தார். காதில் என்ன வந்தாலும் வழக்கம்போல் பதில் சொல்லுங்கள், தையலை மட்டும் நிறுத்தாதீர்கள் என்பது அண்ணியின் ஏற்பாடு. ஏன் என்று அவர் கேட்கவில்லை.

மேலே இருப்பதைப் போலவே மைக்கும் தனிப் பட்டனும் இருந்த மேஜையைச் சுற்றி மற்றவர்கள் நின்றார்கள்.

"ஒவ்வொருத்தரா டாக்டரம்மாகிட்ட மன்னிப்பு கேளுங்க," என்றார் அண்ணி.

"என்ன விளையாட்டு இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கேளுங்க சார். உங்க சர்வீஸ்ல முதல் தடவை," என்றான் கொழுந்தன். அவன் மேஜை ஓரமாக ஒட்டி நின்றிருந்தான். ஒரு கை மேஜைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருந்தது.

இன்ஸ்பெக்டர் மைக்கில் குனிந்து, குற்றவாளியை மிரட்டும் குரலில், "சாரிம்மா," என்றார்.

"பரவாயில்ல, விடுங்க," என்றது தடுப்புக்குப் பின்னாலிருந்து குரல். கையுறை அசையவில்லை.

பெரிய சிஸ்டர் கேட்டார். "விடுங்க சிஸ்டர், அதனால என்ன." கையுறை அசையவில்லை.

"நீங்க," என்றார் அண்ணி.

இன்ஜினியர் தயங்காமல் குனிந்தார். "மன்னிச்சிடுங்க டாக்டர். உங்களுக்கு ரொம்ப சிரமம் குடுத்துட்டோம்."

"பரவாயில்ல, விடுங்க."

எல்லோரும் கையுறையைப் பார்த்தார்கள். அது வெறுமனே தொங்கியது.

இன்ஜினியர் பெருமூச்சு விட்டார். "திருப்தியா? டாக்டர் மனுஷங்க யார்கிட்டயும் விடுன்னு சொல்ல மாட்டாங்க. அந்த நம்பிக்கையிலதான் நான் மெஷினையே பழக்கினேன். காலையில சொன்னது மெஷினுக்குத்தான். சொல்ல மனசு வரல, ஆனா உண்மை அதுதானே?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். சன்னல் வழியே வந்த வெயில் சுவரின் பாதிக்கு ஏறியிருந்தது.

"ரொம்ப நல்ல ஏற்பாடு," என்றார் அண்ணி. "குறையே சொல்ல முடியாது. ஒரே ஒரு ஓட்டை. கூரையில ஓட்டை எங்க இருக்குன்னு நனையறவனுக்குத் தெரியாது, ஓடு போட்டவனுக்குத் தெரியும்."

"என்ன ஓட்டை?"

"டாக்டரம்மா 'ங்க' போடாம பேசற மனுஷன் இந்த ஊர்ல ஒருத்தர் இருக்கார். எல்லாரும் பார்க்க அவர்கிட்டயும் வாங்க, போங்கதான். கதவைச் சாத்தினா நீ, வா, போ. அவர் வெளிக் குரல்ல மன்னிப்பு கேட்டா வெளிக் குரல்ல பதில் வரும். இப்ப வந்த மாதிரி. வீட்டுக் குரல்ல, காதுக்குள்ள, யாருக்கும் கேக்காம கேட்டா?"

இன்ஜினியரின் முகத்தில் எதுவும் மாறவில்லை. கழுத்தில் மட்டும் ஒரு நரம்பு எழுந்தது.

"நான் காலையில எதுவும் பேசல."

"டிரைவர் 'டாக்டர் வண்டி'ன்னார். டாக்டர்னு சொல்லல. கார் கண்ணாடியில ஒட்டியிருந்த டாக்டர் ஸ்டிக்கரைப் பார்த்திருக்கார். ஓட்டினவர் முகத்தையும் பார்த்திருந்தா? கண்ணைத் திறந்தா சொல்வார். அதனால கண்ணைத் திறக்கக் கூடாது. ஆனா உங்களால எதையும் தொட முடியாது, தொட்டா மெஷின் காட்டிக் குடுத்துடும். கை வெக்க முடியாதவர் வாயை வெச்சீங்க. நேத்து சாயங்காலம் அந்தக் காரை எடுத்துட்டுப் போனது யாரு?"

"யார் எடுத்தா எனக்கென்ன தெரியும்? நான் எடுக்கல."

தடுப்புக்குப் பின்னால் ஊசி நின்றுவிட்டது.

அப்போதுதான் இன்ஜினியர் கவனித்தார். கொழுந்தனின் கட்டைவிரல் தனிப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து என்று அவருக்குத் தெரியாது. இவ்வளவு நேரம் இந்த மேஜையில் பேசியதெல்லாம் ஒரு காதுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பினார். காதில் மாட்டியது மாட்டியபடி இருந்தது.

"நீதான் எடுத்தே," என்றார்.

பெரிய சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த வாயில் அவர் கேட்காத எழுத்து அது.

"டாக்டர், நீங்க இப்ப..."

"என்னை டாக்டர்னு கூப்பிடாதே. கார் எங்கேன்னு ராத்திரி கேட்டேன். வொர்க்‌ஷாப்புன்னு கத்தினே. எந்த வொர்க்‌ஷாப்புன்னு கேட்டதுக்குக் கதவை அறைஞ்சு சாத்தினே. வீட்டு விஷயம், வெளியில எதுக்குன்னு நான் வாயை மூடிட்டு இருந்தேன். இந்த அம்மா சொல்ற வரைக்கும் ரெண்டையும் முடிச்சுப் போடத் தோணல." குரல் நடுங்கவில்லை. அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "காலையில, நான் குழாயைத் தைக்க நூலைக் கோக்கறேன், காதுக்குள்ள வந்தே. 'நேத்து கத்தினதுக்கு சாரிம்மா, மனசுல வெச்சுக்காதே'ன்னே. எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? ஒரு மூச்சு விட்டேன். நான் என்ன சொன்னேன்? சரி, விடு..."

டப்பென்று ஒரு சத்தம்.

மூன்றாவது கை விரிந்திருந்தது. கையுறை தரையில் வெடித்து, சிவப்புத் தண்ணீர் இன்ஜினியரின் செருப்புவரை ஓடியது. சின்ன மாப்பிள்ளைக்கு என்ன தெரியும்? கதை சொல்கிறாரா, கட்டளை போடுகிறாரா என்று பார்க்க அதற்கு யாரும் பழக்கவில்லை.



"நான் வேணும்னு இடிக்கல," என்றார் இன்ஜினியர். மெல்லிய குரல் இன்னும் மெலிந்திருந்தது. "குறுக்க வந்துட்டார். பயந்துட்டேன்."

"இடிச்சது வேணும்னு இல்ல. ஒத்துக்கறேன்," என்றார் அண்ணி. "காலையில பட்டனை அழுத்தினது?"

இன்ஜினியர் சிவப்புத் தண்ணீரிலிருந்து செருப்பைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கை வைத்தார். டாக்டரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

"மெஷின்ல தப்பு இல்லன்னு தெரிஞ்சுடுச்சு," என்றார் பெரிய சிஸ்டர் மெதுவாக. "சட்டமும் இனி தடுக்காது. வெளிச்சம் போகுது டாக்டரம்மா."

"கை நடுங்குது சிஸ்டர்."

"நடுங்கட்டும். மாப்பிள்ளை நடுங்க மாட்டாரு. நடுக்கத்தை வடிகட்டிட்டுத்தானே அவர் அசைவாரு?"

டாக்டரம்மா எழுந்தார். வாசலில் டிரைவர் மனைவி நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார், எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. டாக்டரம்மா அவர் முன்னால் ஒரு நொடி நின்றார். தலையைக் குனிந்துகொண்டு கடந்து போகப் பார்த்தார்.

"போங்கம்மா," என்றார் டிரைவர் மனைவி. "போய்த் தைங்க. நான் கண்ணாடிக்கு வெளியில இருக்கேன்."

கண்ணாடி அறையில் கொழுந்தனைக் காவலுக்கு உட்கார வைத்தார் அண்ணி. மைக்கின் மேல் ஒரு துணி சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

"நான் வாயைத் திறக்க மாட்டேன் அண்ணி."

"திறந்தா தச்சுடுவாங்க. ஊசி தயாரா இருக்கு."

அதற்குப் பிறகு அந்த மாடியில் யாரும் பேசவில்லை. பக்கத்து அறையில் டாக்டரம்மாவின் விரல்கள் அசைந்தன. சன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு இரும்புக் கைகள் அசைந்தன. மூன்றாவது கை காலையில் பிடித்தது பிடித்தபடி இருந்தது. திரையில், தலைமுடியைவிட மெல்லிய நூல் ஒன்று கிழிசலின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்ப் போய் வந்தது. டிரைவர் மனைவி கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றார். அவர் மூச்சு பட்டு அங்கே ஒரு வட்டம் பனித்தது, மறைந்தது, பனித்தது.

கடைசி முடிச்சு விழுந்தது.

இனி ஒன்றுதான் பாக்கி. பிடியை எடுக்க வேண்டும். தையல் நின்றால் ஆள் நிற்பார். இல்லாவிட்டால் இல்லை. பிடியை எடுக்க வழி ஒன்றே ஒன்று. அந்த வார்த்தை.

டாக்டரம்மா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அண்ணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கீழே, தெருவில், ஜீப் ஒன்று கிளம்பும் சத்தம் கேட்டது. டாக்டரம்மாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். கண்ணை ஒருமுறை இறுக மூடித் திறந்தார்.

பெரிய சிஸ்டர் மேஜைமேல் கிடந்த டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து அறைச் சன்னல் வழியாக டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"விடு," என்றார் டாக்டரம்மா.

மூன்றாவது கை விரிந்தது. குழாய் ஒருமுறை துடித்தது. வாடிக் கிடந்த பக்கம் மெல்ல மெல்லச் சிவந்தது. தையல் நின்றது.

கண்ணாடி அறையில் கொழுந்தன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். டிரைவர் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி மட்டும் கண்ணை மூடி, காதில் விழுந்த அந்த ஒரு வார்த்தையை இன்னொரு தடவை கேட்டுப் பார்த்துக்கொண்டார்.

இந்தத் தடவை அதற்கு முன்னால் 'சரி' இல்லை.